கம்பி சொன்ன பிறகே கணினிக்குத் தெரியும்

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது அது எந்தச் சுரம் என்று கருவி யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் உண்டு. நடு ஸ்தாயியின் ‘சி’ கட்டைக்கு 60. அதன் அடியில் உள்ள தொடுப்பு மூடிக்கொண்டால் 60 என்று செய்தி போகும். எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள் என்பதும் தெரிய வேண்டுமே? அதற்காகக் கட்டைக்கு அடியில் இரண்டு தொடுப்புகளை வைத்திருக்கிறார்கள். முதலாவது மூடி இரண்டாவது மூடுவதற்குள் கழியும் நேரத்தைப் பார்த்தால் வேகம் கிடைத்துவிடும். சேனல், சுர எண், வேகம் ஆகியவற்றை மூன்று பைட்டுகளில் அடக்கி அனுப்பும் ஏற்பாட்டைத்தான் மிடி என்கிறோம். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ‘நாம்’ இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் புராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். இரண்டுமே கீபோர்டுகள். மிடியின் இலக்கணம் பெரும்பாலும் கட்டைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

கிதாரில் கட்டை இல்லை. கம்பியை இடக்கை விரல் எங்கே அழுத்தியிருக்கிறது என்று சொல்ல ஃப்ரெட்டுக்கு அடியில் எந்தத் தொடுப்பும் கிடையாது. கம்பி அதிர்கிறது, அவ்வளவுதான் தெரியும். அந்த அதிர்வைக் கேட்டு, அதன் சுருதியை அளந்து, மிடி எண்ணாக மாற்றி அனுப்புவது கிதார்-மிடி மாற்றியின் வேலை. இதை வாங்கி இணைத்தவர்கள் அடுக்கும் புகார்கள் நாற்பது ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. சுரம் தாமதமாக வருகிறது, வாசிக்காத சுரம் ஒலிக்கிறது, தடித்த கம்பியில் ஒரு ஸ்தாயி தாவிவிடுகிறது. பழியை மாற்றியின் மேல், அதற்குள் இருக்கும் சிப்பின் மேல், கணினியின் வேகத்தின் மேல் போடுவது வழக்கம். அடுத்த மாதிரி வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இந்தக் குறைகளில் பெரும்பகுதி கணினிக்குள் பிறப்பதில்லை, கம்பியிலேயே பிறக்கிறது என்பது என் வாதம். அப்படியானால் சீர்செய்வதையும் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். மாற்றியை எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்ற முடிவும் அதிலிருந்தே வர வேண்டும்.

வழக்கமான சுருதியில் கிதாரின் ஆறாவது கம்பி, அதாவது மிகத் தடித்தது, விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு 12.1 மில்லி விநாடி. முதல் கம்பி, மிக மெல்லியது, 329.6 முறை, ஓர் அதிர்வுக்கு 3 மில்லி விநாடிதான். சுருதி என்பதே ஓர் அதிர்வு முடிந்து அடுத்தது தொடங்க ஆகும் நேரம். ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்பாமல் அது எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று சொல்ல முடியாது, கம்பியும் அப்படித்தான். ஒரே ஓர் அதிர்வை நம்பி முடிவெடுப்பதும் ஆபத்து. பிக் கம்பியை விட்டு விலகும் முதல் சில மில்லி விநாடிகளில் உரசல் ஓசையே மேலோங்கியிருக்கும், அலை இன்னும் ஒழுங்குக்கு வந்திருக்காது. ஆகவே மாற்றிகள் பொதுவாக இன்னோர் அதிர்வையும் பார்த்து உறுதிசெய்துகொள்கின்றன. இரண்டு அதிர்வுகள் என்றால் ஆறாவது கம்பிக்கு 24 மில்லி விநாடி, முதல் கம்பிக்கு 6. இந்த இடைவெளியில் கணினி சும்மா இருக்கிறது. கணக்கிட அதற்கு இன்னும் எதுவும் கிடைக்கவில்லை.

இதையே இன்னொரு கோணத்திலிருந்து பார்க்கலாம். சாதாரண மின்கிதாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை கம்பியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 648 மில்லிமீட்டர். கம்பியை மீட்டியதும் மீட்டிய இடத்திலிருந்து இரண்டு அலைகள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஒன்று அருகிலுள்ள பிரிட்ஜை உடனே அடைகிறது. மற்றது இடக்கை விரல் அழுத்தியிருக்கும் ஃப்ரெட்வரை ஓடி, அங்கே மோதித் திரும்பி, பிரிட்ஜுக்கு வந்து சேர்கிறது. விரல் எங்கே இருக்கிறது என்ற செய்தியைச் சுமந்து வருவது இந்த இரண்டாவது அலைதான். திறந்த ஆறாவது கம்பியில் அலை விநாடிக்கு ஏறக்குறைய 107 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. காற்றில் ஒலி போகும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகமில்லை. கம்பியை ஒருமுறை சுற்றி வர 1.3 மீட்டர் தூரம், 12 மில்லி விநாடி. பிரிட்ஜ் அருகே உட்கார்ந்திருக்கும் பிக்கப்புக்கு அந்த அலை வந்து சேரும்வரை விரலைப் பற்றி நம்பத்தக்க செய்தி இல்லை. கம்பியின் விறைப்பால் சில நுண்ணிய, உயர் அதிர்வெண் சிற்றலைகள் சற்று முன்னதாக வரும் என்பது உண்மை. ஆனால் அவை மெலிந்தவை, பிக்கின் உரசலோடு கலந்தே வருகின்றன.

‘கணினிகள் எத்தனையோ மடங்கு வேகமாகிவிட்டன, இன்னுமா இந்தப் பேச்சு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஆறாவது கம்பியின் திறந்த சுரத்துக்கும் அடுத்த அரைச்சுரத்துக்கும் வித்தியாசம் 4.9 ஹெர்ட்ஸ் மட்டுமே. ஃபூரியே முறையில் அலையை அதிர்வெண்களாகப் பிரித்து இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ஏறக்குறைய 200 மில்லி விநாடி ஒலியைக் கேட்டாக வேண்டும். அப்படி ஒரு கருவி இருந்தால் யாரும் தொடக்கூட மாட்டார்கள். பொறியாளர்கள் அந்தப் பாதையை விட்டுவிட்டு, அலையை அதன் தாமதித்த நகலோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்த்தினால் பொருந்துகிறது என்று பார்க்கும் முறைகளுக்குப் போனார்கள். 2002-இல் ஷெவெய்ஞே, கவஹாரா இருவரும் வெளியிட்ட ‘யின்’ என்ற வழிமுறை இந்த வகையில் புகழ்பெற்றது. இரண்டு சுரங்களின் அதிர்வு நேரங்களுக்கு இடையே 0.68 மில்லி விநாடி வித்தியாசம் இருக்கிறது. விநாடிக்கு 48,000 முறை அலையை அளக்கும் கருவிக்கு அது மிகப் பெரிய வித்தியாசம். எனவே 200-ஐ 24 ஆக்கியதில் கணக்கின் சாமர்த்தியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த 24-ஐ 2 ஆக்க எந்தச் சாமர்த்தியமும் போதாது.

செயற்கை நுண்ணறிவு என்ன செய்யும் என்று அடுத்துக் கேட்பார்கள். ஆக்ஸான் என்ற மாற்றி பல ஆண்டுகளுக்கு முன்பே நரம்பு வலையமைப்பைக் கையாண்டு, மீட்டிய கணத்தின் அலைமுனைகளிலிருந்தே சுருதியை ஊகித்தது. அதனால் ஓர் அதிர்வு முழுதாக முடியும் முன்பே விடை சொல்ல முடிந்தது. மேலே சொன்ன இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நேரம், மீட்டும் இடத்தைப் பொறுத்து ஓர் அதிர்வைவிடச் சற்றுக் குறைவு. ஆதாயம் அவ்வளவே. அதற்கு மேல் அவசரப்பட்டால் ஊகம் சூதாட்டமாகிவிடும். ஒரு கம்பியில் அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மீட்டிய கணத்தில் இரு மடங்கு மேற்சுரம் அடிப்படையைவிட உரத்திருப்பது சாதாரணம். அதை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் மாற்றி ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். பொறுத்தால் தாமதம், அவசரப்பட்டால் பிழை: எந்த மாற்றியும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. நல்ல மாற்றி அந்த இடத்தைத் திறமையாகத் தேர்ந்தெடுக்கிறது, நம்மையும் தேர்ந்தெடுக்க விடுகிறது.

இந்தத் தடையைச் சுற்றிப் போனவர்களின் கதை என் வாதத்துக்கு நல்ல சாட்சி. 1980-களின் நடுவில் இங்கிலாந்தில் உருவான சின்த்ஆக்ஸ் என்ற கருவி, கம்பியின் சுருதியைக் கேட்பதையே கைவிட்டது. கழுத்துப் பகுதியின் கம்பியும் ஃப்ரெட்டும் சுவிட்சு போல் இயங்கி விரல் இருக்குமிடத்தை மின்சாரமாகவே அறிந்தன. மீட்டுவதற்குத் தனியாகக் குட்டைக் கம்பிகள் இருந்தன. தாமதம் காணாமல் போயிற்று. ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் 1986-இல் வெளியிட்ட ‘அடவக்ரான்’ தொகுப்பில் அதைத்தான் வாசித்தார். யமஹாவின் ஜி10 கம்பிகளுக்குள் மீயொலியைச் செலுத்தி, ஃப்ரெட்டில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு விரலைக் கண்டுபிடித்தது. பீவி நிறுவனத்தின் மிடிபேஸ் என்ற பேஸ் கிதாரும் ஃப்ரெட்டுகளை மின்தொடுப்புகளாக்கியது. மூன்றும் சொல்வது ஒன்றே: விரலின் இடத்தைக் கம்பியின் அதிர்வு வழியாக அறிய வேண்டாம் என்று முடிவெடுத்த உடனே தாமதப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. குறை கணிப்பொறியில் இருந்திருந்தால் இவையும் தடுமாறியிருக்க வேண்டும். இவற்றில் எதுவுமே நிலைக்கவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. சின்த்ஆக்ஸின் விலை ஒரு வீட்டு முன்பணம் அளவுக்கு இருந்தது என்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், கிதார் வாசிப்பவர்களுக்குத் தங்கள் கிதாரே வேண்டியிருந்தது. கிதார் போல் தோன்றும் சுவிட்சுப் பலகை வேண்டியிருக்கவில்லை.

தாமதத்தைப் பற்றி இன்னொரு ஆட்சேபம் உண்டு, அதுதான் கூர்மையானது. ஒலி காற்றில் விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. மேடையில் மூன்று மீட்டர் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் ஒலி வாசிப்பவரின் காதுக்கு ஏறக்குறைய 9 மில்லி விநாடி கழித்தே வருகிறது. அதைப் பற்றி யாரும் முறையிடுவதில்லையே, மாற்றியின் தாமதத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு புலம்பல்? காரணம், ஆம்ப்ளிஃபயரின் தாமதம் எல்லாக் கம்பிக்கும் ஒன்றே. கை அதற்குப் பழகி, தானாகவே சற்று முன்கூட்டி மீட்டக் கற்றுக்கொள்கிறது. மாற்றியின் தாமதம் கம்பிக்குக் கம்பி வேறு. ஒரே கம்பியிலும் ஃப்ரெட் ஏற ஏறக் குறைகிறது. ஆறு சுரங்களையும் விரல்களால் ஒரே கணத்தில் மீட்டினாலும் மெல்லிய கம்பியின் சுரம் முன்னால் வரும், தடித்த கம்பியின் சுரம் கடைசியில் வரும். இடைவெளி 18 மில்லி விநாடி. மேலிருந்து கீழாக வேகமாக ஸ்ட்ரம் செய்தால் தடித்த கம்பியில் தொடங்கி மெல்லியதில் முடிக்கிறோம், மாற்றியோ அந்த வரிசையையே குலைத்து அனுப்பலாம். பழைய ஐந்து முள் மிடி கேபிளில் மூன்று பைட்டுச் செய்திக்கு ஏறக்குறைய 1 மில்லி விநாடி ஆகும், ஆறு சுரங்களுக்கு ஆறு. அந்தச் சிறு நெரிசலும் இதோடு சேர்ந்துகொள்ளும். கையின் தாளத்தை அலைக்கழிப்பது இந்தச் சீரின்மைதான். வெறும் தாமதமாக இருந்தால் பழகிவிடலாம்.

அமைப்பதற்கு வருவோம். முதல் முடிவு எந்தப் பிக்கப் என்பது. சாதாரணப் பிக்கப் ஆறு கம்பிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒயரில் அனுப்புகிறது. அதிலிருந்து ஒற்றைச் சுரத்தைப் பிரிப்பது எளிது. சோனூஸ் ஜி2எம் போன்ற சிறிய பெட்டிகள் அதைச் செய்கின்றன, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசிக்கிறவரை. கார்டு வாசிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரு சுரமும் அதன் மேல் ஸ்தாயிச் சுரமும் சேர்ந்து ஒலித்தால் மேலதன் எல்லா மேற்சுரங்களும் கீழதன் மேற்சுரங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒன்றா இரண்டா என்று தீர்மானிப்பது நிச்சயமற்ற வேலை. ஜாம் ஆரிஜின் நிறுவனத்தின் மிடி கிதார் என்ற மென்பொருள் இதை வியக்கத்தக்க அளவுக்குச் சமாளிக்கிறது. ஆனாலும் கம்பிக்கு ஒரு காது என்று ஆறு தனிப் பிக்கப்புகளை வைத்துவிட்டால் அந்தச் சிக்கலே எழாது. ரோலண்டின் ஜிகே-3, ஃபிஷ்மனின் டிரிபிள்பிளே இரண்டும் அந்த வகை. ரோலண்ட் முறையில் பயன்பட்டுவந்த பதின்மூன்று முள் கேபிளைப் பார்த்து மலைப்பவர்கள் உண்டு. ஆறு கம்பிகளுக்கு ஆறு ஒயர், வழக்கமான கிதார் ஒலிக்கு ஒன்று, மீதி ஒலியளவுத் திருகுக்கும் பொத்தான்களுக்கும் மின்சாரத்துக்கும். காந்தப் பிக்கப்புக்கு எஃகுக் கம்பி கட்டாயம். நைலான் கம்பி கிதார் வைத்திருப்பவர்கள் பிரிட்ஜின் சேடலில் பதிக்கும் பீசோ பிக்கப்பைத்தான் நாட வேண்டும்.

பிக்கப்பைப் பிரிட்ஜை ஒட்டிப் பொருத்தச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பியை வளைத்து வாசிக்கும்போது நடுவில் அது வெகுதூரம் பக்கவாட்டில் நகர்கிறது. பிரிட்ஜ் அருகில் ஏறக்குறைய நகர்வதே இல்லை. அதனால் ஒவ்வொரு கம்பியும் தன் சொந்தப் பிக்கப்பின் மேலேயே நிற்கும், பக்கத்துக் கம்பியின் பிக்கப்புக்குள் போய் ஒலிக்காது. உயரத்துக்கு ரோலண்ட் சொல்லும் அளவு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்த நிலையில் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பலர் இதைக் கண்ணளவில் விட்டுவிட்டு மென்பொருளில் பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். இடைவெளி கூடினால் சிக்னல் மெலியும்; சிக்னல் மெலிந்தால் மாற்றி காத்திருக்கும் நேரம் கூடும், பக்கத்துக் கம்பியின் ஓசையும் உள்ளே வரும். அடுத்தது, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக உணர்திறன் அமைத்தல். நீங்கள் வாசிக்கக்கூடிய மிகக் கடுமையான மீட்டலை அடித்து, மீட்டர் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி வையுங்கள். இதை நிதானமாகச் செய்தாலே, வாசிக்காமலே ஒலிக்கும் பேய்ச்சுரங்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும்.

மாற்றியைத் தொடுவதற்கும் முன்னால் கிதாரைச் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னால் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பழைய கம்பியில் துருவும் அழுக்கும் சீரற்றுப் படிந்திருக்கும். அதன் மேற்சுரங்கள் அடிப்படையின் முழு மடங்குகளாக அமையாமல் விலகும். மனிதக் காது அதை ‘மங்கிய ஒலி’ என்று மன்னித்துவிடும். அதிர்வை அதிர்வோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது இரண்டு விடை கொண்ட கேள்வி. கம்பி ஃப்ரெட்டில் மோதிக் கரகரத்தால் ஒவ்வொரு மோதலும் புதிய மீட்டல் போலத் தெரியும். பிரிட்ஜின் சேடல் நீளம் சரியாக இல்லாவிட்டால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும், அந்த விலகலையும் மாற்றி உண்மையாகவே எடுத்து அனுப்பும். வாசிக்கும் கையும் இதே கணக்கில் சேர்ந்ததுதான். விரலை எடுக்கும்போது கம்பியைத் தொட்டு அடக்காமல் விட்டால் திறந்த கம்பி லேசாக ஒலிக்கும். சாதாரண கிதாரில் யாருக்கும் கேட்காத அந்த ஓசை, புல்லாங்குழல் ஒலியில் முழுச் சுரமாக வந்து நிற்கும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் பாணி மாற்றிக்கு ஏறக்குறைய ஒத்தே வராது, அளப்பதற்குள் அதிர்வே அடங்கிவிடுகிறது.

சேனல் அமைப்பில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மிடியில் சுருதியை நெகிழ்த்தும் ‘பிட்ச் பெண்ட்’ செய்தி ஒரு சேனல் முழுவதற்கும் பொதுவானது. ஆறு கம்பிகளும் ஒரே சேனலில் போனால், ஒரு கம்பியை வளைக்கும்போது மற்ற ஐந்தும் சேர்ந்து வளையும். ஆகவே கம்பிக்கு ஒரு சேனல் என்று ஆறு சேனல்களை ஒதுக்கும் மோனோ முறையே கிதாருக்கு ஏற்றது. இந்த வசதி மிடியின் தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கிறது. சுரத்துக்கு ஒரு சேனல் என்ற அதே எண்ணம் எம்பிஇ என்ற பெயரில் 2018-இல்தான் எல்லாக் கருவிகளுக்குமான தரமாயிற்று என்பது கிதார்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டிய விஷயம். அடுத்து, வளைவின் எல்லை. மாற்றி 12 அரைச்சுர எல்லையில் அனுப்பி, சின்தசைசர் தன் வழக்கமான 2 அரைச்சுர எல்லையில் வாங்கிக்கொண்டால், நீங்கள் ஒரு முழுச்சுரம் வளைக்கும்போது அங்கே அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வளையும். எல்லாம் அபசுரமாகக் கேட்கும். மாற்றிக்குச் சுருதி ஞானமில்லை என்று திட்டுவோம். இரு பக்கமும் ஒரே எண்ணை வைத்தால் போதும்.

கர்நாடக இசையைக் கிதாரில் வாசிப்பவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கம்பிதத்தில் இரு புறமும் ஊசலாடும், ஜாருவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். மிடிக்கோ முதலில் ஒரு சுர எண் வேண்டும், அப்புறம் அதிலிருந்து எவ்வளவு விலகல் என்ற கணக்கு வேண்டும். ஜாருவைக் கடக்கும்போது மாற்றி ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் புதிய சுரம் அனுப்பினால் வழுக்கல் படிக்கட்டாகிவிடும். ஒரே சுரத்தை வளைத்துக்கொண்டே போனால் வழுக்கல் கிடைக்கும், ஆனால் பதிவுசெய்த ஒலியை வெகுதூரம் இழுப்பதால் அதன் குணம் மாறும். பெரும்பாலான மாற்றிகளில் அரைச்சுரங்களுக்குள் சுருதியைப் பிடித்து நிறுத்தும் ‘குரோமாட்டிக்’ அமைப்பு ஒன்று இருக்கும். பியானோ ஒலிக்கு அது நல்லது. கமகத்துக்கு அது எமன். அதை அணைத்து, வளைவின் எல்லையை 12 அல்லது 24 ஆக்கி, வளைவைத் தாங்கும் சின்தசைசர் ஒலியைத் தேர்ந்தெடுப்பதே வழி. இந்த ஒரு விஷயத்தில் கம்பியைக் கேட்கும் மாற்றி, கட்டையை மட்டும் நம்பும் கீபோர்டைவிட ஒருபடி மேல் என்றே சொல்வேன்.

தாமதத்தைக் குறைக்க முடியாத இடத்தில் அதை மறைக்கலாம், ஏமாற்றலாம். வயலின் குழு, குழல், மெதுவாக எழும் ஆர்கன் ஒலிகளுக்கு எழுச்சியே பல பத்து மில்லி விநாடி ஆகும். அங்கே 24 மில்லி விநாடி யாருக்கும் தெரியாது. பியானோவும் தாள வாத்தியமும் அதை அப்பட்டமாகக் காட்டிவிடும். கிதாரின் சொந்த ஒலியையும் சற்றுக் கலந்துவிட்டால், மீட்டலின் கூர்முனையைக் கிதார் தர, உடலைச் சின்தசைசர் தருகிறது. காது இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறது. இன்னொரு தந்திரம் கணக்கிலிருந்தே கிடைக்கிறது: ஆழமான பேஸ் ஒலி வேண்டுமென்றால் அதைத் தடித்த கம்பியில் வாசிக்காதீர்கள். மெல்லிய கம்பிகளில் வாசித்து, சின்தசைசரில் ஒன்றோ இரண்டோ ஸ்தாயி இறக்கிவிடுங்கள். சுருதியை அளப்பது மெல்லிய கம்பியில், ஒலிப்பது கீழே. முதல் கம்பியில் தாமதம் 6 மில்லி விநாடியோடு நிற்கும். ஒலிப்பதிவு அறையில் இதுவும் தேவையில்லை. கிதாரின் ஒலியை அப்படியே பதிவுசெய்துவிட்டுப் பிறகு மிடியாக மாற்றினால், மாற்றி எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருந்து சரியாக முடிவெடுக்கலாம். சுரங்களை உரிய இடத்துக்கு நகர்த்தவும் செய்யலாம். நேரடியாக வாசிக்கும்போது கணினியின் பஃபரை 128 மாதிரிகளாக வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அதற்கு 2.7 மில்லி விநாடிதான். அதற்கு மேலும் அதைக் குறைக்கப் பணம் செலவழிப்பதைவிடப் புதிய கம்பி மாட்டுவது அதிகப் பயன் தரும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கீபோர்டு கற்றுக்கொள்ளலாமே என்பது கடைசி ஆட்சேபம். பியானோ பகுதியை மட்டும் பதிவுசெய்ய வேண்டுமென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் கிதாரில் ஆண்டுக்கணக்கில் பழகிய கைக்கு அதன் கார்டு அமைப்புகளும் வளைவுகளும் கீபோர்டில் எளிதில் வந்துவிடாது. அந்தக் கைப்பழக்கத்தை வேறு ஒலிகளுக்குக் கொண்டுபோவதுதான் மாற்றியின் உண்மையான பயன். எல்லாருக்கும் மிடி எண்ணே தேவையுமில்லை. பேட் மெத்தனியின் 1982-ஆம் ஆண்டு ‘ஆஃப்ராம்ப்’ தொகுப்பில் எக்காளம் போல ஒலிக்கும் ரோலண்ட் ஜிஆர்-300, கம்பியின் அதிர்விலிருந்தே நேரடியாகத் தன் அலையைக் கிளப்பிய அனலாக் கருவி. 1995-இல் வந்த ரோலண்ட் விஜி-8, 2015-இல் வந்த பாஸ் எஸ்ஒய்-300 போன்றவையும் சுருதியை எண்ணாக்காமல் ஒலியையே உருமாற்றுகின்றன. அதனால் அவற்றில் காத்திருப்பும் இல்லை, தாவலும் இல்லை. புதிய ஒலி மட்டும் போதும் என்றால் அந்தப் பக்கம் போங்கள். சுரலிபி வேண்டும், கணினியில் உள்ள எந்த வாத்தியத்தையும் இயக்க வேண்டும், வாசித்த பிறகு திருத்த வேண்டும் என்றால் மட்டும் மிடி. பேஸ் கிதாரில் வேகமாக வாசிப்பவர் கம்பியைக் கேட்கும் மாற்றியை வாங்காமலிருப்பதே நல்லது. அதன் தடித்த கம்பிக்கு ஓர் அதிர்வே 24 மில்லி விநாடி. மற்றவர்கள் முதலில் கையிலிருக்கும் கிதாரோடு மென்பொருள் மாற்றி ஒன்றின் முன்னோட்டப் பதிப்பை முயன்று பாருங்கள், அது போதாதபோது ஆறு கம்பிப் பிக்கப்பைத் தேடுங்கள். கடையில் சோதிக்கும்போது விற்பனையாளர் வயலின் ஒலியை வைத்து மெல்லிய கம்பியில் வாசித்துக் காட்டுவார். நீங்கள் பியானோ ஒலியை வைத்து, ஆறாவது கம்பியைத் திறந்த நிலையில் வாசித்துப் பாருங்கள். அதைச் சகித்துக்கொள்ள முடிந்தால் வாங்கலாம்.